கார் வாங்க எத்தனை வருட வருமானம்? அம்மன் காசு முதல் இ.எம்.ஐ. வரை

புதுக்கோட்டை நகரை ஒட்டி இருக்கும் ஊர் திருக்கோகர்ணம். இங்குள்ள குடைவரைக் கோயிலில் குடிகொண்டிருக்கும் பிரகதாம்பாள்தான் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். மன்னர்கள் தங்களை 'பிரகதாம்பாள் தாஸ்' என்றே அழைத்துக்கொண்டார்கள். அந்த சமஸ்தானம் வெளியிட்ட சிறிய செப்புக் காசின் ஒரு பக்கத்தில் அம்மன் உருவமும் மறுபக்கத்தில் 'விஜய' என்ற தெலுங்கு எழுத்தும் இருக்கும். அதனால் அதற்கு 'அம்மன் காசு' என்று பெயர். நவராத்திரி நாட்களில் அரிசியோடு சேர்த்து தானமாகக் கொடுக்கப்பட்ட காசு இது. 1889-க்குப் பிறகு பர்மிங்ஹாமில் இயந்திரத்தில் அச்சடித்துக் கொண்டுவரப்பட்டது.

20 அம்மன் காசு சேர்ந்தால் ஒரு அணா. 16 அணா ஒரு ரூபாய். அதாவது ஒரு ரூபாய்க்கு 320 அம்மன் காசு. அந்தக் காலத்தில் ஒரு மோட்டார் காரின் விலை 3,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், அதற்கு 9,60,000 அம்மன் காசு வேண்டும். காசில் சம்பாதித்து காசில் செலவு செய்த ஒரு குடும்பத்துக்குக் கார் என்பது 'வாங்கலாமா, வேண்டாமா' என்ற கேள்வியே இல்லை. அது வேறு உலகத்துப் பொருள்.

இன்று அதே ஊரில் சாதாரண மாதச் சம்பளக்காரர் கூட கார் லோன் பற்றி யோசிக்கிறார். வருமானத்தில் எவ்வளவைக் காருக்குச் செலவிடலாம் என்ற கேள்வி இப்போதுதான் நமக்கு வந்திருக்கிறது. இந்தக் கேள்வி வந்து சேர்ந்த கதையைச் சற்றுப் பின்னால் போய்ப் பார்ப்போம்.

மன்னர்களும் கான்ட்ராக்டர்களும்

சென்னையில் சிம்ப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். சென்னையில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்று சொல்லப்படுபவர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றம் போன்ற பெரிய கட்டிடங்களைக் கட்டிய கான்ட்ராக்டர் அவர். ஆக, மன்னர், ஜமீன்தார், வெள்ளைக்கார அதிகாரி, பெரிய வியாபாரி... இவர்கள்தான் காரின் முதல் வாடிக்கையாளர்கள்.

புதுக்கோட்டையின் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886-ல் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்தவர். 1915-ல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்தார். ஆங்கிலேய அரசு அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. பின்னாளில் நிர்வாகத்தை ரீஜென்ட்டிடம் விட்டுவிட்டு வெளிநாட்டிலேயே வாழ்ந்து, 1928-ல் பாரிஸில் காலமானார். மன்னர் ஒருவரின் வருமானம் எது, சமஸ்தானத்தின் வருமானம் எது என்ற கோட்டை எங்கே போடுவது என்பது அன்றைய சமஸ்தானங்கள் எல்லாவற்றிலும் இருந்த சிக்கல். 'என் வருமானத்தில் இத்தனை பங்கு' என்று கணக்குப் போட வேண்டிய அவசியம் அந்த வாழ்க்கை முறையில் இல்லை. குடிமகனுக்கு முடியாது, மன்னருக்குத் தேவையில்லை. நடுவில் யாரும் இல்லை.

நடுவில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது பஸ். மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912-ல் பஸ் சேவையைத் தொடங்கினார். புதுக்கோட்டைக்கு ரயிலே 1929-ல்தான் வந்தது. அதுவரை மாட்டுவண்டியும், பிறகு மோட்டார் பஸ்ஸும்தான். ஒரு வண்டியின் விலையை ஒருவர் சுமக்காமல் ஆயிரம் பயணிகள் சேர்ந்து சுமப்பதுதான் பஸ்ஸின் பொருளாதாரம். நம் பகுதியில் இன்ஜின் வண்டி சாதாரண மனிதரிடம் முதலில் வந்தது இப்படிப் பங்கு போட்டுக்கொண்ட செலவாகத்தான்.

ஃபோர்டு போட்ட கணக்கு

'சம்பளக்காரனும் கார் வாங்கலாம்' என்ற எண்ணம் பிறந்த இடம் அமெரிக்கா. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908-ல் வந்தபோது விலை சுமார் 850 டாலர். 1914-ல் தகுதி பெற்ற தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தார். 1916-ல் அதே கார் 360 டாலருக்கு இறங்கியது. 360-ஐ 5-ஆல் வகுத்தால் 72 நாள் சம்பளம்! உலக வரலாற்றில் காருக்கும் கூலிக்கும் இடையிலான தூரம் இவ்வளவு குறைந்தது அதுவே முதல் முறை.

ஆனால் ஃபோர்டுக்குக் கடன் என்றால் பிடிக்காது. முழுப் பணத்தையும் சேர்த்துக்கொண்டு வா என்பது அவர் கொள்கை. போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸ் 1919-லேயே தன் கார்களுக்குக் கடன் கொடுக்க ஒரு தனி நிறுவனத்தை ஆரம்பித்துவிட்டது. ஃபோர்டு 1923-ல் வாரம் 5 டாலர் வீதம் சேமித்து முழுத் தொகை சேர்ந்ததும் காரை எடுத்துக்கொள்ளும் திட்டத்தைக் கொண்டுவந்தார். அது எடுபடவில்லை. மக்கள் காரை முதலில் எடுத்துக்கொண்டு பணத்தைப் பிறகு கட்டவே விரும்பினார்கள்.

முதலில் சேமிக்கும் வழியிலும் ஆபத்து உண்டு என்பதற்கு ஜெர்மனி உதாரணம். ஹிட்லர் ஆட்சியில் 1938-ல் ஒரு திட்டம் வந்தது. வாரம் 5 மார்க் கட்டி முத்திரை ஒட்டினால் 990 மார்க் விலையுள்ள 'மக்கள் கார்' கிடைக்கும் என்றார்கள். மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் பணம் கட்டினார்கள். போர் வந்தது. தொழிற்சாலை ராணுவ வண்டிகளைச் செய்யப் போய்விட்டது. கட்டியவர்களில் ஒருவருக்குக் கூட கார் கிடைக்கவில்லை. நீண்ட வழக்குக்குப் பிறகு 1961-ல்தான் ஒரு சமரசம் ஏற்பட்டது. அதிலும் கிடைத்தது புதிய காரில் ஒரு தள்ளுபடி, அல்லது சிறிய ரொக்கத் தொகை.

வரிசையில் நின்ற இந்தியா

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் மூன்றே கார்கள்தான் முக்கியம். கல்கத்தாவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு. 1961-ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் மண்ணில் செய்த கார்.

எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு அரசு லைசென்ஸ். என்ன விலைக்கு விற்கலாம் என்பதிலும் அரசு தலையிட்டது. 1970-ஐ ஒட்டிய வருடங்களில் இந்தக் கார்களின் விலை 15,000 ரூபாயைச் சுற்றி இருந்தது. அன்றைய இந்தியரின் தனிநபர் வருமானம் வருடத்துக்கு 700 ரூபாய் அளவில். அதாவது ஒரு கார் என்பது இருபது வருடத்துக்கும் அதிகமான வருமானம்.

இங்கே வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. கார் என்பது தேய்மானம் உள்ள சொத்து என்றுதான் முதல் பாடத்திலேயே படிக்கிறோம். ஆனால் லைசென்ஸ் ராஜ்ஜியத்தில், பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து கார் வாங்கியவர், அதை அரசு விலைக்கு மேலேயே விற்க முடிந்தது. புதியதை விடப் பழையதற்கு விலை அதிகம்! அப்போது காருக்குப் போட்ட பணம் செலவு இல்லை, முதலீடு. வருமானத்தில் எவ்வளவு என்று யாரும் கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம். பணம் இருந்தாலும் கார் கிடைக்காது, கிடைத்தால் நஷ்டம் வராது.

1983-ல் மாருதி 800 வந்தது. டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். விலை 47,500 ரூபாய் என்று சொல்லப்படுகிறது. 10,000 ரூபாய் முன்பணம் கட்டி ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள். அப்போதைய தனிநபர் வருமானம் சுமார் 2,300 ரூபாய். கணக்குப் போட்டால் இதுவும் இருபது வருட வருமானம்தான். 'நடுத்தர மக்களின் கார்' என்று பெயர் வாங்கிய கார், சராசரி மனிதருக்கு அம்பாசடர் இருந்த அதே தூரத்தில்தான் இருந்தது.

(தனிநபர் வருமானம் என்பதில் குழந்தைகளும் முதியவர்களும் அடக்கம். ஒரு குடும்பத்தின் வருமானத்தோடு ஒப்பிட்டால் வருடங்கள் குறையும். ஆனால் காலத்துக்குக் காலம் ஒப்பிட்டுப் பார்க்க இந்த அளவுகோல் போதும்.)

இருபதிலிருந்து இரண்டுக்கு

1993-ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் முறை நீக்கப்பட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. 2009-ல் டாடா நானோ ஒரு லட்சம் ரூபாய் தொழிற்சாலை விலைக்கு வந்தபோது தனிநபர் வருமானம் சுமார் 40,000 ரூபாய். இரண்டரை வருட வருமானம்! 2023-24-ல் தனிநபர் வருமானம் சுமார் 1.8 லட்சம். மாருதியின் சிறிய கார் 4 லட்சத்தை ஒட்டி இருந்தது. இரண்டு வருடம், சற்று மேலே. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது.

இருபது வருடம் இரண்டு வருடமாகச் சுருங்கியது பெரிய சாதனைதான். இத்தனைக்குப் பிறகும் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் கார் வைத்திருப்பவை சுமார் 7.5 சதவீதம்தான். எல்லாவற்றிலும் மலிவான நானோவோ 2018-ல் உற்பத்தியே நின்றுபோனது. கார் வாங்கும் மனிதர் விலையை மட்டும் பார்ப்பதில்லை, ஊர் என்ன சொல்லும் என்பதையும் பார்க்கிறார். 'ஏழைகளின் கார்' என்று பெயர் எடுத்த காரை வாங்கி வாசலில் நிறுத்த பலருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் கூடுதலாகக் கடன் வாங்கி அடுத்த நிலைக் காருக்குப் போனார்கள்.

கடன் கொடுத்தவர்கள்

தமிழ்நாட்டில் வாகனக் கடனுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1954-ல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் பைனான்ஸ் வளர்ந்தது லாரி, பஸ் போன்ற வண்டிகளுக்குக் கடன் கொடுத்துத்தான். இந்த வித்தியாசம் முக்கியமானது. லாரி ஓடினால் வாடகை வரும், வாடகையில் தவணை கட்டலாம். கடனை வண்டியே அடைக்கும். சொந்தக் கார் ஓடினால் பெட்ரோல்தான் செலவாகும். கடனைச் சம்பளம் அடைக்க வேண்டும். லாரிக்காகப் பிறந்த தவணை முறை தொண்ணூறுகளுக்குப் பிறகு சொந்தக் காருக்குப் பரவியபோது, பெயர் மட்டும் அதே 'தவணை'. உள்ளே இருந்த கணக்கு தலைகீழாகிவிட்டது.

இன்னொரு செலவும் உண்டு. யானை வாங்குவது பெரிதல்ல, அதற்குத் தீனி போடுவதுதான் பெரிது என்பார்கள். 1946-லிருந்தே மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அந்த வாயுவில் பஸ்கள் ஓடின. இன்று பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் 2017-லிருந்து விலை தினமும் மாறலாம். வருமான வரிக் கணக்கில் காருக்குத் தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம். 8 லட்சம் ரூபாய் கார் ஐந்து வருடத்தில் புத்தக மதிப்பில் சுமார் 3.55 லட்சம் ஆகிவிடும்.

அப்படியானால் எவ்வளவு?

அமெரிக்காவில் புழங்கும் ஒரு கட்டைவிரல் கணக்கு 20-4-10. விலையில் 20 சதவீதம் கையிலிருந்து கட்ட வேண்டும். கடன் 4 வருடத்தைத் தாண்டக் கூடாது. தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். 5 லட்சம் ரூபாய் கார். ஒரு லட்சம் முன்பணம். மீதி 4 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 4 வருடத் தவணை மாதம் சுமார் 9,950 ரூபாய். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 5,000 என்று வைத்தால் மொத்தம் 15,000. பத்து சதவீத விதிப்படி மாதச் சம்பளம் ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும். 30,000 சம்பளக்காரருக்கு இதே 15,000 என்பது சம்பளத்தில் பாதி! பஸ்ஸும், டூவீலரும், அவசரத்துக்கு வாடகைக் காரும் அவருக்குச் சரி என்று அந்த விதி சொல்கிறது.

இந்த விதியை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதில்லை. வயதான பெற்றோரை அடிக்கடி மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் குடும்பத்துக்கும், வாரத்தில் ஒருநாள் காரை எடுக்கும் குடும்பத்துக்கும் தேவை ஒன்றல்ல. ஆனால் மேலே பார்த்த வரலாறு ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒவ்வொரு காலத்திலும் காருக்கு வெளியிலிருந்து ஒரு பிரேக் இருந்தது. அம்மன் காசு காலத்தில் விலையே பிரேக். லைசென்ஸ் காலத்தில் வரிசை பிரேக். ஏராளமான தமிழர்கள் வாழும் சிங்கப்பூரில் இன்றும் அரசே பிரேக் போடுகிறது. 1990 முதல் அங்கே கார் வைத்திருக்கும் உரிமையைப் பத்து வருடத்துக்கு ஏலத்தில் வாங்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான அந்த உரிமை மட்டும் 1,50,000 சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. 2013-லிருந்து கார் கடனுக்கும் உச்சவரம்பு இருக்கிறது.

இந்தியாவில் விலை இறங்கிவிட்டது, வரிசை போய்விட்டது, ஏலமும் இல்லை. கடன் கொடுப்பவர் பார்ப்பது தவணை ஒழுங்காகத் திரும்பி வருமா என்பதைத்தான். தவணை கட்டிய பிறகு அந்த வீட்டில் பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் என்ன மிஞ்சும் என்பது அவர் கேள்வி அல்ல. ஆகவே கடைசியாக மீதி இருக்கும் ஒரே பிரேக், வாங்குபவர் வீட்டில் போடும் கணக்கு மட்டுமே. ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஆறு மாதம், அந்தத் தவணையையும் பெட்ரோல் செலவையும் மாதாமாதம் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் போதும். வீடு தடுமாறாமல் ஓடினால் கார் வாங்கலாம். தடுமாறினால், ஆறு மாதப் பணமாவது கையில் மிச்சம்.