கேமரா கெட்டுப்போச்சு: அதையே வாங்குறதா, புதுசுக்கு மாறுறதா? 1858 சொல்லும் பதில்

கேமரா கடல் தண்ணியில விழுந்துருச்சு. "போர்டு போயிருச்சு, சரி பண்ற காசுக்கு வேற வாங்கிரலாம்"னு சர்வீஸ்ல சொல்லிட்டாங்க.

இப்போ அதே மாடலை செகண்ட் ஹேண்ட்ல தேடுறதா? இல்ல, இதுதான் சாக்குன்னு புது மாடலுக்கு மாறுறதா?

தூத்துக்குடி கடற்கரையில கேமராவை வச்சுப் பிழைக்கிறவங்களுக்கு என்னிக்காவது ஒருநாள் வர்ற கேள்வி இது. உப்புக்காத்து சும்மா விடாது. கல்யாண சீசன் நெருங்குற நேரத்துல, பல நேரம் வட்டிக்குக் காசு வாங்கித்தான் இந்த முடிவையே எடுக்க வேண்டியிருக்கு. தப்பா எடுத்தா ரெண்டு வருஷ சம்பாத்தியம் தவணைக்கே போயிரும்.

இதுல டாக்டருக்கு என்ன வேலைன்னு கேக்குறீங்களா? போட்டோகிராபி வரலாற்றுல மருத்துவத்தோட கை நிறையவே இருக்கு. வாங்க, கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

1851-ம் ஆண்டு. பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் புது முறையை வெளியிட்டார். அதுக்கு அவர் பயன்படுத்திய பசையின் பெயர் கொலோடியன். பருத்தியை அமிலத்தில் பதப்படுத்தி, ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைச்சா கிடைக்கிற பிசுபிசுப்பான திரவம்.

இது அதுக்கு முன்னாடியே அறுவை சிகிச்சை மேஜைக்கு வந்துருச்சு. காயத்து மேல தடவினா ஈதர் ஆவியாகி, மெல்லிய தோல் மாதிரி ஒரு படலம் நிக்கும். ஒரு திரவ பேண்டேஜ். மருவுக்குப் பூசும் சில மருந்துகளில் இன்னிக்கும் இது இருக்கு.

இந்தப் படலத்தைத்தான் ஆர்ச்சர் கண்ணாடியில் ஊற்றினார். படம் கத்தி மாதிரி கூர்மையா வந்தது. அதுவரை இருந்த காகித நெகட்டிவில் காகித நாரின் சொரசொரப்பும் சேர்ந்தே விழும். இதுல அது இல்ல. வெளிச்சம் காட்ட வேண்டிய நேரமும் குறைஞ்சது. காப்புரிமையும் அவர் வாங்கல. உலகமே கண்ணாடிக்கு மாற ஆரம்பிச்சது.

அந்தக் காலத்து பெரிய 'அப்கிரேட்' இதுதான்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். சென்னையில அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் ஓவியப்பள்ளி தொடங்கினார். இன்னிக்கு எழும்பூர்ல இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரியின் வேர் அதுதான். சென்னையில போட்டோகிராபி வளர்ந்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே காலத்தில் சென்னை மாகாண அரசு, கட்டடங்களையும் கோயில்களையும் படமெடுத்துப் பதிவு செய்ய ஒரு அரசு போட்டோகிராபரை நியமிச்சது. பெயர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1855-லேயே பர்மாவுக்குப் போன பிரிட்டிஷ் தூதுக்குழுவுடன் சென்று படமெடுத்து வந்த ராணுவ அதிகாரி.

1857 கடைசியில் கிளம்பி 1858-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு சுத்தி வந்தார். (புதுக்கோட்டைன்னதும் எங்க தூத்துக்குடி புதுக்கோட்டையை நினைச்சுறாதீங்க. இது தொண்டைமான் சமஸ்தானத்துப் புதுக்கோட்டை!)

கண்ணாடி முறை வந்து ஆறேழு வருஷம் ஆயிருச்சு. கையில அரசாங்கப் பணம். அப்போ டிரைப் புது முறைக்குத்தானே போயிருக்கணும்?

போகல. இந்தப் பயணத்தில் அவர் பெரும்பாலும் நம்பினது காகித நெகட்டிவைத்தான்.

ஏன்னு புரிய, ஈரக் கொலோடியன் வேலை செய்யும் விதத்தைப் பார்க்கணும். தகட்டில் பசை ஊற்றி, வெள்ளி உப்பில் நனைச்சு, கேமராவில் வச்சு, படமெடுத்து, கழுவி முடிக்கிற வரைக்கும் தகடு ஈரமாவே இருக்கணும். இங்கிலாந்தின் குளிரிலேயே சில நிமிஷம்தான் அவகாசம். ஈதர் நம்ம உடம்புச் சூட்டுக்கும் கீழேயே, சுமார் 35 டிகிரியில் கொதிச்சிரும். மதுரை வெயிலில் அது என்ன பாடுபடுத்தும்னு யோசிங்க!

இருட்டறைக் கூடாரமும் போற இடமெல்லாம் கூடவே வரணும். அதோட, கண்ணாடி கனம். மாட்டுவண்டி குலுக்கலில் உடையும். உடைஞ்சா பக்கத்து ஊர்க் கடையில கிடைக்காது.

காகிதம் அப்படியில்ல. மெழுகு ஏற்றிய காகிதத்தை முன்கூட்டியே தயார் பண்ணி வச்சுக்கலாம். எடுத்த படத்தை அப்புறமா, முகாமுக்கு வந்து நிதானமா கழுவலாம். எடை இல்லை, உடையாது.

குறையும் உண்டு. வெளிச்சம் அதிக நேரம் காட்டணும், அதனால ஆட்கள் நடமாட்டத்தைப் பிடிக்க முடியாது. அக்காலத்து ரசாயனங்கள் நீல நிறத்துக்கு அதிகம் எதிர்வினை காட்டினதால வானம் வெறும் வெள்ளையா விழும். டிரைப் என்ன செஞ்சார் தெரியுமா? நெகட்டிவ் மேலேயே தூரிகையால மேகம் தீட்டினார், மர இலைகளைத் திருத்தினார். கருவியின் குறையைக் கைவேலையால ஈடுகட்டினார்.

அவர் எடுக்க வேண்டியதோ கோபுரமும் மண்டபமும். அதுங்க நடக்கவா போகுது? வேகம் அவருக்குத் தேவையே இல்ல.

அந்த 'பழைய' காகிதத்தை வச்சுத்தான் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டா எடுத்தார். 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். இன்னிக்கு செல்போனில் நாம எடுக்கிற பனோரமாவுக்கு அது கொள்ளுத்தாத்தா.

இதை வச்சு "பழசே போதும்"னு முடிவு கட்டிராதீங்க. இன்னொருத்தர் கதையும் இருக்கு.

1863-ல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்ன், அதே ஈரக் கொலோடியனை இமயமலைக்கே தூக்கிட்டுப் போனார். கண்ணாடி, ரசாயனம், கூடாரம் எல்லாத்தையும் டஜன் கணக்கான சுமைகூலிகள் சுமந்தாங்க. அவருக்கு அது சரி. இடம் குளிர். அவர் படத்தை விற்றுப் பிழைக்கும் ஸ்டுடியோக்காரர். கூர்மையான படத்துக்குத்தான் வாடிக்கையாளர் காசு கொடுப்பார். அந்தச் செலவு திரும்பி வந்தது.

ஒரே கண்டுபிடிப்பு, ரெண்டு பேர், ரெண்டு முடிவு. ரெண்டுமே சரி. முடிவைத் தீர்மானிச்சது ஊரும் வேலையும்.

டிரைப் கதையில கசப்பான பகுதியும் உண்டு. 1859-ல் கவர்னரா வந்த சார்லஸ் டிரெவெல்யன், செலவைக் குறைக்கணும்னு அரசு போட்டோகிராபர் வேலையையே நிறுத்தச் சொல்லிட்டார். படங்கள் அற்புதம்தான். ஆனா கணக்குப் புத்தகம் அதைப் பார்க்கல. தொழிலில் படத்தின் தரம் ஒரு கால், செலவு இன்னொரு கால். ஒண்ணு மட்டும் நீண்டா நொண்டத்தான் செய்யும்.

அடுத்து வர்றவர் எங்க ஆளு. ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ், ஆங்கிலேய மருத்துவர். மைக்ராஸ்கோப் வழியா படமெடுப்பவர். ஈதர் ஆவி அவர் உடம்பைக் கெடுத்தது. அதனால ஈதர் இல்லாத வழி தேடி, 1871-ல் ஜெலட்டினை வச்சு உலர் தகடு செய்யும் முறையை வெளியிட்டார்.

டிரைப்புக்கு இருந்த சிக்கலும் இதிலேயே தீர்ந்தது. தகட்டைக் காய்ந்த நிலையிலேயே வச்சுக்கலாம், அப்புறமா கழுவலாம், கண்ணாடியின் கூர்மையும் கிடைக்கும்.

ஆனா முதல் வடிவம் மெதுவானது. 1878 வாக்கில் சார்லஸ் பென்னெட் அதை வேகமாக்கிய பிறகுதான் எல்லாரும் மாறினாங்க. இடையில ஏழு வருஷம். காத்திருந்தவங்க யாரும் நஷ்டப்படல.

1895-ல் ரான்ட்ஜன் தன் மனைவியின் கையை எக்ஸ்ரே எடுத்தப்போ அந்த எலும்புகள் பதிஞ்சதும் போட்டோ தகட்டில்தான். மருத்துவம் கொடுத்த கடனை போட்டோகிராபி வட்டியோட திருப்பிக் கொடுத்துச்சு.

சரி, இப்போ உங்க கேமராவுக்கு வருவோம்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்களையே ஒண்ணு கேளுங்க: "கெட்டுப்போறதுக்கு முந்தின நாள், அந்தக் கேமரா மேல எனக்கு என்ன குறை இருந்துச்சு?"

பதில் சட்டுன்னு வந்தா, உதாரணமா "மண்டப வெளிச்சத்துல படம் புள்ளி புள்ளியா வருது", "ஓடுற குழந்தை மேல ஃபோகஸ் நிக்கல", "வீடியோ கேக்குறாங்க, எடுக்க முடியல"ன்னா, அந்தக் குறையைத் தீர்க்கிற மாடலுக்கு மாறுங்க. மேடாக்ஸ் மாதிரி உங்களுக்கும் உண்மையான வியாதி இருக்கு.

பதில் வரலைன்னா அதே மாடலையே வாங்குங்க. மிச்சக் காசு கையில இருக்கட்டும்.

ரெண்டாவது, மெகாபிக்சல் கணக்கு. 12-லிருந்து 24-க்குப் போனா படம் ரெண்டு மடங்கு விவரமா வரும்னு நினைக்கிறோம். நீள அகலத்தில் கூடுறது சுமார் 1.4 மடங்குதான். 12-க்கு 8 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க 86 லட்சம் பிக்சல் போதும்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்துல நம்ம கடற்கரை முத்து வியாபாரிகளுக்கு இது தெரிஞ்சிருந்துச்சு. துளை போட்ட பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலிச்சு முதலில் அளவைப் பிரிப்பாங்க. ஆனா விலை அதோட முடியாது. அப்புறம் உருட்சி, ஒளி எல்லாம் பார்த்துத்தான் ஆணிமுத்து எது, கழிவு எதுன்னு சொல்லுவாங்க. மெகாபிக்சல் என்பது வெறும் சல்லடை.

மூணாவது, கேமராவோட சொந்தபந்தம். பேஸ்மேக்கர் பேட்டரி தீர்ந்தா நாங்க பெட்டியை மட்டும் மாத்துவோம். இதயத்துக்குப் போற ஒயர் நல்லா இருந்தா அதையே புதுப் பெட்டியில சொருகுவோம். ஒயருக்குப் பொருந்தாத பெட்டியை வாங்கினா எல்லாத்தையும் பிடுங்கணும். உங்க லென்ஸும் அப்படித்தான். புது பாடியின் மவுண்ட் வேறன்னா அடாப்டர், பேட்டரி, கார்டு, ஃபிளாஷ்னு பில் நீண்டுக்கிட்டே போகும். விலையைப் பார்க்கும்போது மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்துப் பாருங்க.

நாலாவது, ஊர். கடலோரத்துல வேலை செய்றவங்களுக்கு, தூசியும் ஈரமும் புகாதபடி சீல் செய்த பாடி உண்மையிலேயே பயனுள்ள அப்கிரேட். ஆனா லென்ஸுக்கும் அந்த சீல் இருக்கணும். ஜன்னலைத் திறந்து வச்சுட்டுக் கதவைப் பூட்டிப் பிரயோஜனம் இல்ல. அதுக்கும் வசதி இல்லைன்னா காத்துப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்க. லென்ஸ்ல பூஞ்சை பிடிக்காம இருக்கும்.

கடைசியா ஒரு முதலுதவி. உப்புத் தண்ணியில விழுந்தா ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. பேட்டரியையும் கார்டையும் உடனே கழட்டிட்டு சர்வீஸுக்கு ஓடுங்க. அரிசிக்குள்ள புதைச்சு வைக்கிறது வைத்தியம் இல்ல. தண்ணி காஞ்சாலும் உப்பு உள்ளேயே இருந்து அரிக்கும்.

இந்த சீசனுக்கு முன்னாடி யாராவது இந்த யோசனையில இருந்தா அவங்களுக்கு இதை அனுப்புங்க. உங்க கேமரா மேல உங்களுக்கு இருக்கிற குறையைக் கீழே எழுதுங்க. மாறணுமா வேண்டாமான்னு சேர்ந்தே பேசுவோம்.