தரவுத் தூய்மையாக்கம்

தரவுத் தூய்மையாக்கம் என்பது, கணினியில் சேகரித்து வைக்கப்பட்ட விவரங்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளுமுன் அவற்றில் படிந்துள்ள பிழை, முரண், விடுபாடு, இரட்டிப்பு ஆகியவற்றைக் கண்டுபிடித்துக் களைவதும், களைய இயலாதவற்றை இன்னவை என்று குறித்து வைப்பதுமாகிய வேலை. புள்ளியியல் நூல்கள் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதிவிட்டு இதனை ஒரு பாராவில் முடித்துவிடுவது வழக்கம். ஆயினும் அன்றாடம் தரவோடு மல்லுக்கட்டுகிறவர் எவரைக் கேட்டாலும், கணக்குப் போடுவதற்கு ஆகிற பொழுதைவிட அதற்கு முந்திய இந்தக் கல் பொறுக்கும் காரியத்துக்கே அதிகப் பொழுது ஆகிறது என்றுதான் சொல்வார்.

இங்கே நேரும் பிழைகளைப் பலவாறாக வகுப்பதுண்டு. பிரயோஜனத்தை முன்னிட்டுப் பார்த்தால், நிரலை ஓடவிடாமல் நிறுத்தும் பிழைகள், நிறுத்தாத பிழைகள் என்று இரண்டாகப் பகுத்துக்கொள்வதே போதும். அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் நிரல் உடனே நின்று, எந்த வரியில் என்பதையும் சொல்லிவிடுகிறது. புதிதாகக் கற்பவர் சிவப்பெழுத்தில் வரும் அந்த அறிவிப்பைக் கண்டு மிரண்டாலும், உண்மையில் அதுவே மிகவும் சிநேகபாவமுள்ள பிழை. அஞ்சத்தக்கது மற்றொன்று: நிரல் ஆரம்பம் முதல் இறுதி வரை ஒரு முனகலும் இல்லாமல் ஓடி, அழகான ஓர் அட்டவணையை அச்சிட்டுத் தர, அதிலுள்ள எண் மட்டும் தவறாக இருப்பது.

தேதியை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் தேதி எழுதுகிறோம். அமெரிக்காவில் மாதம் முன்னால் வரும். ஒரு மருத்துவமனையின் 2021 ஏப்ரல் மாத வருகைப் பதிவு முழுவதும் 01/04/2021 தொடங்கி 30/04/2021 வரை நம் முறைப்படி எழுதப்பட்டிருக்க, அதனை அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்ட கணினியில் எக்ஸெல் கொண்டு திறப்பதாகக் கொள்வோம். முதல் தேதி ஜனவரி 4 ஆகிறது. இரண்டாம் தேதி பிப்ரவரி 4. இப்படியே போய்ப் பன்னிரண்டாம் தேதி டிசம்பர் 4 ஆகிவிடுகிறது. நான்காம் தேதி ஒன்றுதான் தற்செயலாகப் பிழைத்துக்கொள்கிறது. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லையாதலால், 13 முதல் 30 வரையுள்ள பதினெட்டு நாட்களும் தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்புறம் ஒதுங்கி நிற்கின்றன. தேதியாக ஏற்கப்பட்டவை வலப்புறம் சேர்ந்து நிற்கின்றன. மாதவாரியாக எண்ணிப் பார்த்தால், வருஷத்தின் ஒவ்வொரு மாதத்திலும் நான்காம் தேதியன்று மட்டும் நோயாளிகள் வந்ததாகவும், மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி அடைத்துக் கிடந்ததாகவும் கணினி சாட்சி சொல்லும். கண்ணுள்ளவருக்கு அந்த இடப்புறம், வலப்புறம் என்ற வித்தியாசமே போதுமான எச்சரிக்கை. ஆனால் பத்தாயிரம் வரிசைகளுள்ள தாளை யார் அப்படிக் கண்ணால் பார்க்கிறார்கள்?

பைத்தான் மொழியில் தரவுப் பகுப்பாய்வுக்கென்று 2008-ல் வெஸ் மெக்கின்னி தொடங்கிய பாண்டாஸ் என்னும் நிரல் தொகுப்பு, இந்த விஷயத்தில் இதைவிட நுட்பமான அநியாயம் ஒன்றை நெடுங்காலம் செய்துவந்தது. வேறு கட்டளை இல்லாதபோது 12/04 என்பதை டிசம்பர் 4 என்றும், அடுத்த வரியிலுள்ள 13/04 என்பதை ஏப்ரல் 13 என்றும், ஒரே பத்திக்குள்ளேயே இருவேறு முறையில் அது வாசித்துவிடும். 2023-ல் வெளிவந்த 2.0 பதிப்பில் இது திருத்தப்பட்டது. இப்போது முதல் தேதியைக் கொண்டு வடிவத்தை ஊகித்து, அந்த வடிவத்துக்கு அடங்காத தேதி வந்தால் நிரல் நின்றுவிடுகிறது. மௌனமான பிழையைச் சத்தமிடச் செய்த இந்த மாறுதலை, பழைய நிரல்கள் ஓடவில்லையே என்று நொந்துகொண்டவர்களும்கூட நாளடைவில் நன்மை என்றே ஒப்புக்கொள்வார்கள் என்பது இக்கட்டுரையாளனின் அபிப்பிராயம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2021-04-13 என எழுதும் சர்வதேச முறை, ஐஎஸ்ஓ 8601 என்ற பெயரில் 1988 முதலே இருந்துவருகிறது. அதைக் கைக்கொண்டால் இந்தச் சங்கடமே எழுவதில்லை.

தேதியல்லாததைத் தேதியாக்கும் விபரீதமும் உண்டு. மனித மரபணுக்கள் சிலவற்றுக்குச் செப்ட்1, மார்ச்1 என்பன போன்ற சுருக்கப் பெயர்கள் வழங்கிவந்தன. எக்ஸெல் இவற்றைச் செப்டம்பர் முதல் தேதி, மார்ச் முதல் தேதி என்று எண்ணி மாற்றிவிடுவது 2004-லேயே ஆய்வேட்டில் சுட்டிக்காட்டப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2016-ல், மரபணுப் பட்டியலை எக்ஸெல் கோப்பாக இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளைச் சோதித்தபோது, சுமார் ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருக்கக் காணப்பட்டது. கடைசியில், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே 2020-ல் அப்பெயர்களைச் செப்டின்1, மார்ச்எஃப்1 என்று மாற்றிக்கொண்டது. செருப்புக்கேற்றபடி காலை வெட்டிக்கொண்ட இந்தக் காரியத்துக்குப் பின்பே, 2023-ல், இத்தகைய தன்னிச்சையான மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை எக்ஸெல் அளித்தது.

விடுபட்ட மதிப்புகள் தனிப் பிரச்சினை. ஐவரின் வயதைக் கேட்டு 34, 41, 28, 52 என்று நால்வர் சொல்ல, ஐந்தாமவர் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். நால்வரின் சராசரி 38.75. விடுபட்ட இடத்தில் 999 என்று இடும் பழைய வழக்கப்படி இட்டுவிட்டு அதை நீக்க மறந்தால் சராசரி 230.8 என்று வரும்; சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். பூஜ்யம் இட்டிருந்தாலோ 31 என்று வரும். அந்த எண் எவ்வித சந்தேகமும் எழுப்பாமல் அறிக்கையில் ஏறி அமர்ந்துகொள்ளும். இதனால்தான் ஆர் முதலிய மொழிகளில் 'இல்லை' என்பதற்கென்றே தனிக் குறியீடு உண்டு. அதில் ஒன்று நடுவே இருந்தாலும், நீக்கிவிட்டுக் கணக்கிடு என்று வெளிப்படையாகச் சொன்னாலன்றிச் சராசரியும் 'இல்லை' என்றே வரும். விடுபாடு தற்செயலாக நேர்ந்ததா, தெரிந்த வேறொரு காரணத்தைச் சார்ந்ததா, அல்லது விடுபட்ட மதிப்பையே சார்ந்ததா என்று பிரித்தறியும் முறையை 1976-ல் டொனால்ட் ரூபின் வகுத்தார். அதிக வருமானமுள்ளவர்களே வருமானத்தைச் சொல்ல மறுத்தால் அது மூன்றாம் வகை. அங்கே காலியிடங்களைச் சராசரியால் நிரப்புவது உண்மையை மறைப்பதேயாகும்.

எழுத்துத் தரவில் தொல்லை வேறு விதம். 'மதுரை' என்பதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தால் கணினிக்கு அது வேறோர் ஊர். திருச்சி, திருச்சிராப்பள்ளி என்பன இரண்டு ஊர்கள். தமிழுக்கே உரிய சூக்ஷ்மமான சிக்கலும் ஒன்று உண்டு. யுனிகோட் முறையில் 'கொ' என்னும் எழுத்தை, ககரத்தின்மேல் ஒகரக் குறி ஒன்றை இட்டும் அமைக்கலாம். கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டும் அமைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு இரண்டும் வேறு. ஆகவே, தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களைச் சேர்க்குமுன் யுனிகோட் இயல்பாக்கம் செய்து இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது அவசியம். 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமுமாக 'ஒளவை' என்று தட்டச்சிட்டிருந்தால் அதற்கு இயல்பாக்கமும் உதவாது. கையால் தேடித் திருத்த வேண்டியதுதான்.

இரண்டு அட்டவணைகளை ஒரு பொதுப் பத்தியைக் கொண்டு இணைக்கும்போது, ஒரே அடையாள எண் ஒன்றில் மூன்று முறையும் மற்றொன்றில் நான்கு முறையும் வந்திருந்தால், இணைப்பில் அது பன்னிரண்டு வரிசைகளாகப் பெருகும். பெருகுவதைப் போலவே குறைவதும் உண்டு. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. பழைய எக்ஸெல் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளே இடம் என்பதும், அதற்கு மேல் வந்தவை உதிர்ந்துவிட்டன என்பதும் பிற்பாடு தெரியவந்தன. தொற்றியவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் அவ்வளவுக்குத் தாமதப்பட்டது. உள்ளே போன வரிசைகள் எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று ஒவ்வொரு படியிலும் எண்ணிப் பார்த்து, ஒவ்வாவிடில் நின்றுவிடு என்று நிரலுக்கே ஆணையிடும் ஒற்றை வரிதான் இவ்விரண்டுக்கும் பரிகாரம். அவ்வரியை எழுத அரை நிமிஷம் ஆகும்.

அனுபவஸ்தர்கள் மூலக் கோப்பில் கைவைப்பதில்லை. அதன் பிரதியில்கூடக் கையால் திருத்தாமல், திருத்தங்கள் அனைத்தையும் நிரலாக எழுதி வைப்பார்கள். மறுமாதம் புதிய தரவு வந்தாலும், திருத்தத்திலேயே பிழை என்று தெரிந்தாலும், ஆதியிலிருந்து மீண்டும் ஓட்டலாம். எல்லாப் பிழையும் திருத்தப்பட வேண்டியது என்பதுமில்லை. எக்ஸெல் நாட்களை 1900 ஜனவரி 1-ஐ ஒன்றாகக் கொண்டு எண்ணுகிறது. 1900 லீப் வருஷம் அல்ல, ஆயினும் அவ்வருஷத்துப் பிப்ரவரி 29-க்கு 60 என்ற எண் அதில் வழங்கப்பட்டுள்ளது. அக்காலத்தில் செல்வாக்கோடிருந்த லோட்டஸ் 1-2-3 செய்த பிழையை, அதன் கோப்புகள் பிசகாமல் திறக்க வேண்டுமென்று தெரிந்தே எடுத்துக்கொண்டார்கள். இப்போது திருத்தினால் அதற்குப் பிற்பட்ட தேதிகளைக் கொண்ட கோப்புகளெல்லாம் ஒரு நாள் நகர்ந்துவிடும். ஆகவே நாம் வழங்கும் நாட்காட்டியில் இல்லாத அந்த நாள் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.