கதவைச் சாத்திய விமானம்

ஆபீஸ்ல இன்னிக்கு ஆணி கம்மி. அதனால ஒரு பழைய கதை மக்கா.

புரூஸ் ஆர்ட்விக் எழுதின மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982ல வந்தது. பின்னால வந்த பதிப்புகள்ல வெளியாட்களும் விமானம், விமான நிலையம்னு செஞ்சு சேர்க்க ஆரம்பிச்சாங்க. சிலர் சும்மா கொடுத்தாங்க, சிலர் அதையே பிழைப்பாக்கிட்டாங்க. 2006ல வந்த எக்ஸ் பதிப்பு வரைக்கும் இதே கதைதான்.

2009 ஜனவரியில் அதை உருவாக்கிய ஏசஸ் ஸ்டுடியோவை மூடிட்டாங்க. 2012 பிப்ரவரியில் 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட்' வந்தது. இலவசம்தான். ஆனா பறக்க ஹவாயின் பெரிய தீவு மட்டும். மேற்கொண்டு வேணும்னா அவங்ககிட்டயே காசு கொடுத்து வாங்கணும். வெளியாட்கள் செஞ்சதைச் சேர்க்க வழியே இல்லை. காசுக்கு வித்த பி-51 மஸ்டாங்குக்கோ உள்ளே காக்பிட்டே கிடையாது! அதே வருஷம் ஜூலையில் வேலையை நிறுத்திட்டாங்க.

சாத்தின கதவு மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா வெளியாட்கள் தயவுல வாழ்ந்த எக்ஸ், 2014ல ஸ்டீமில் மறுபடி விற்பனைக்கு வந்துச்சே! 2020 ஆகஸ்டில் வந்த புது சிமுலேட்டர்ல வெளியாட்களுக்கான எஸ்டிகே, கடை ரெண்டும் ஆரம்பத்திலேயே இருந்தது. பாடம் படிச்சிருக்காங்க.

இதை ஏன் சொல்றேன்னா, நானும் ஒரு மாட்யூலை யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டி எழுதினவன். நான் வேற டீமுக்கு மாறின மறு மாசமே அதைத் தூக்கிப் போட்டுட்டாங்க. அன்னிக்கு ரொம்பக் கோபம். இன்னிக்குப் பார்த்தா, தப்பு அவங்க மேல இல்லை :-(