தணக்கு

தணக்கு என்பது வறண்ட இலையுதிர் காடுகளில் வளரும், மிக இலேசான கட்டையைத் தரும் ஒரு மரம் ஆகும். இதன் தாவரவியல் பெயர் கைரோகார்ப்பஸ் அமெரிக்கானஸ். 1763இல் யாக்குவின் இப்பெயரை வெளியிட்டார். பேரினப் பெயருக்குச் 'சுழலும் கனி' என்று பொருள். கொட்டையின் நுனியில் இரு நீண்ட சிறகுகள் உண்டு. உதிரும்போது அது காற்றாடி போலச் சுழன்று இறங்கும். குறிஞ்சிப்பாட்டில் வரும் தணக்கம் இம்மரத்தின் பூவே என்பர்.

மரத்தின் பண்புகள்

கட்டை வெளிறிய நிறமுடையது. கையால் செதுக்க எளிது; ஆனால் மழுங்கிய உளி பட்டால் நார் பிய்ந்துவிடும். ஆணியை உறுதியாகப் பற்றாது. வெட்டியவுடன் உலர்த்தாவிட்டால் பூஞ்சைக் கறை படரும், பூச்சியும் அரிக்கும். ஆகவே கதவு, நிலை முதலியவற்றுக்கு உதவாது.

தாவரவியலாளர் ஊசியிலை மரங்களையே மென்மரம் என வகைப்படுத்துவர். தணக்கு பூக்கும் தாவரமாதலால் அவ்வகைப்பாட்டில் இது வன்மரம். கையில் எடுத்துப் பார்ப்பவர் இதை ஏற்கமாட்டார்.

கட்டுமரம்

இம்மரத்தின் பெயர்பெற்ற பயன் கட்டுமரமே. உட்குழிவான படகு, நீர் புகாதவரை மிதக்கும். கட்டுமரத்துக்கு உட்குழிவு கிடையாது; கட்டையின் இலேசுத் தன்மையே அதை மிதக்கவைக்கிறது. ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு கனமீட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1025 கிலோ. அதே பருமனுள்ள உலர்ந்த கட்டை 400 கிலோ எனக் கொண்டால், முழுதும் அமிழும் முன் அது 625 கிலோ சுமை தாங்கும். நீர் ஊறி 700 கிலோ ஆகிவிட்டால் தாங்குவது 325 கிலோ மட்டுமே. அதாவது ஏறத்தாழ பாதி! கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே மணலில் உலர்த்தும் வழக்கத்துக்கு இதுவே காரணம். உலராத மரத்தில் கடலேறுவது உயிரோடு விளையாடுவதாகும்.

கட்டைகளை வாய்ச்சியால் செதுக்கி, முன்பகுதியை மேல்நோக்கி வளைவாக அமைப்பர். ஆணி நில்லாத மரத்துக்குக் கயிற்றுக்கட்டு பொருத்தமானது. அலையடிக்கும்போது கட்டு சற்று நெகிழ்ந்து கொடுக்கும். மலைவேம்பு, இலவு, அல்பீசியா ஆகியவையும் இப்பணிக்குப் பயன்பட்டன.

கீழவைப்பார் முதலிய மன்னார் வளைகுடா ஊர்களில் வழங்கும் வள்ளத்தின் தேவை இதற்கு நேர்மாறானது. அது பலகைகளால் ஆன உட்குழிவான கலம். ஆணியைப் பற்றி, நீரிலும் நெடுநாள் உழைக்கும் அயினி போன்ற மரங்களே அதற்கு ஏற்றவை. அங்கே தணக்குப் பலகை ஓரிரு பருவம்கூடத் தாங்குவது அரிது.

ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்ற 'கட்டமரான்' என்ற சொல் இன்று இரட்டை உடல் கொண்ட கலத்தைக் குறிக்கிறது. அதில் கட்டும் இல்லை, பெரும்பாலும் மரமும் இல்லை.

பிற பயன்கள்

பொம்மை, தட்டு, இலேசான பெட்டி செய்யவும் தணக்கு பயன்படும். ஆந்திராவின் கொண்டப்பள்ளி பொம்மைகளுக்கான 'தெல்ல பொணிகி' வேறு மரம். இரண்டும் அடிக்கடி குழப்பப்படுகின்றன.

இன்றைய நிலை

பெரிய அடிமரங்கள் அரிதானதாலும், கண்ணாடியிழைப் படகுகள் பெருகியதாலும் மரக்கட்டுமரங்கள் குறைந்தன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உதவியாக வழங்கப்பட்ட படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடியிழையால் ஆனவை. இது அம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. கண்ணாடியிழைப் படகை உலர்த்த வேண்டியதில்லை.