கணக்குப்பிள்ளையிலிருந்து கோடர் வரை: தரவு வேலைக்கு யார் சொந்தக்காரர்?

இந்த எபிசோடுல ஒரு வேலையோட வரலாற்றைப் பார்க்கப்போறோம். காலை ஷிப்ட் நேரத்துல அம்பத்தூர் எஸ்டேட் பஸ்ல ஏறினா, கழுத்துல ஐடி கார்டு போட்டவங்க நிறைய பேர் இருப்பாங்க. என்ன வேலைன்னு கேட்டா 'பிபிஓ', 'மெடிக்கல் கோடிங்', 'டேட்டா என்ட்ரி'ன்னு பதில் வரும். 'நான் தரவு நிபுணர்'னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நாள் முழுக்கத் தரவோடதான் வேலை. அப்போ அந்தப் பெயர் மட்டும் ஏன் அவங்ககிட்ட வந்து சேரலை?

இதுக்கு 250 வருஷம் பின்னாடி போகணும். 1763இல் ஆற்காடு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். இன்னைக்கு மேற்குச் சென்னைன்னு சொல்ற பக்கமெல்லாம் அந்தச் சீமையைச் சேர்ந்தது. நிலம் கைக்கு வந்தாச்சு. ஆனா எந்த ஊர்ல எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, விளைச்சல்ல யாருக்கு என்ன பங்கு? கம்பெனிக்கு எதுவும் தெரியாது. தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினியர் 1767இல் ஆரம்பிச்சு 1774 வரை சுமார் 2,000 ஊர்களை சர்வே பண்ணினார். வரலாற்றுல அதுக்குப் பெயர் 'பர்னார்டு சர்வே'. ஆனா அதுல இருக்கிற விவரங்களுக்கு அடிப்படை, ஊர் ஊராகக் கணக்குப்பிள்ளைகள் ஓலையில எழுதி வச்சிருந்த கணக்குதான். உழைப்பு பலரோடது, பெயர் ஒருத்தரோடது. இந்தக் கதை அப்பவே ஆரம்பமாயிடுச்சு.

கணக்குப்பிள்ளை வெறுமனே எழுதுறவர் இல்லை. மழை பொய்த்த வருஷம் ஒரு வயலைச் சாவின்னு எழுதுறதா, விளைஞ்சதுன்னு எழுதுறதா? அவர் எழுதினதுதான் உண்மை, வரி அதன்படிதான். அதனாலதான் பின்னாடி கர்ணம்னு அழைக்கப்பட்ட அந்த ஆளுக்கு ஊர்ல அவ்வளவு மரியாதை, அவ்வளவு பயம். அந்தப் பதவி பெரும்பாலும் பிறப்பால வந்தது, தவறாகவும் பயன்பட்டது. எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பர் 14 அன்று அதை ஒழிச்சது. பிறகு தேர்வு எழுதி வர்ற விஏஓ வந்தார். அந்த மாற்றம் தேவைதான். ஆனா கர்ணம் ஒரு விஷயத்தை நமக்குக் காட்டிட்டுப் போனார்: நிலத்துல இருக்கிறதை ஏட்டுல எப்படி எழுதுறதுன்னு முடிவு பண்றதே ஒரு அதிகாரம்.

அந்த அதிகாரம் எப்படித் துண்டு துண்டாச்சுன்னு பார்க்க, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருவோம். 1901 கணக்கெடுப்புல இந்தியாவுல சிலிப் முறை வந்தது. வீடு வீடாக எழுதின படிவத்துல இருந்து ஆளுக்கு ஒரு சிலிப். மதத்துக்கு ஒரு நிறம், ஆணா பெண்ணா, திருமணம் ஆனவரான்னு காட்ட ஒரு குறி. அந்தச் சிலிப்புகளைப் புறாக்கூடு மாதிரியான அறைகள்ல பிரிச்சுப் போட்டு எண்ணுவாங்க. ஒருத்தர் கேட்டு எழுதினார், இன்னொருத்தர் பெயர்த்து எழுதினார், வேறொருத்தர் பிரிச்சார். முழுப் படத்தைப் பார்த்தவர் அறிக்கை எழுதின அதிகாரி மட்டும்தான். ஆனா ஒவ்வொரு படியிலயும் முடிவுகள் நடந்துகிட்டேதான் இருந்தது. ஒருத்தர் தன் சாதியின் பெயரை ஒரு விதமாகச் சொல்றார், அட்டவணையில அது வேற விதமாக இருக்கு. அந்தச் சிலிப் எந்த அறைக்குப் போகணும்? கையில சிலிப் வச்சிருக்கிறவர்தான் முதல்ல தீர்மானிக்கணும்.

இப்போ அம்பத்தூருக்குத் திரும்புவோம். 1949இல் டிஐ சைக்கிள்ஸ், 1964இல் தொழிற்பேட்டை. அந்தத் தலைமுறையில பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட்னு ஒவ்வொரு தொழிலுக்கும் பெயர் இருந்தது. ஐடிஐ சான்றிதழ் இருந்தது. 2000க்குப் பிறகு ஷெட்டுகளுக்குப் பக்கத்துலயே கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தது. அங்கே வந்த வேலைகள்ல ஒண்ணுதான் மெடிக்கல் கோடிங். அமெரிக்க டாக்டர் எழுதின குறிப்பைப் படிச்சு, நோய்க்கான குறியீட்டைப் போடணும். அதை வச்சுத்தான் இன்சூரன்ஸ் பணம்.

இந்தக் குறியீடுகளுக்குத் தாத்தா யார் தெரியுமா? பாரிஸ் நகரப் புள்ளியியல் துறைத் தலைவர் ழாக் பெர்த்தியோன். மரணத்துக்கான காரணங்களை வகைப்படுத்தி 1893இல் அவர் முன்வச்ச பட்டியல்தான் வளர்ந்து இன்னைக்கு ஐசிடி ஆகியிருக்கு. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 அன்று ஐசிடி-10க்கு மாறினப்போ, சுமார் 14,000 நோய்க் குறியீடுகள் இருந்த இடத்துல கிட்டத்தட்ட 70,000 வந்தது. ஒரு உதாரணம். டாக்டர் ஒரு வரியில சர்க்கரை நோய்னு எழுதறார், இன்னொரு வரியில நாள்பட்ட சிறுநீரக நோய்னு எழுதறார். ரெண்டுக்கும் தொடர்பு உண்டுன்னு அவர் சொல்லலை. ஆனா, தொடர்பு இல்லைன்னு டாக்டர் தெளிவாக எழுதாத வரைக்கும் தொடர்பு இருக்கிறதாகவே எடுத்துக்கணும்கறது விதி. அதனால இ11.9 இல்லை, இ11.22. இதைப் பார்த்து டைப் பண்றதுன்னு சொல்ல முடியுமா? பெர்த்தியோன் பட்டியல் போட்டா புள்ளியியல், அந்தப் பட்டியலை ஒரு நோயாளிக்குப் பொருத்தினா 'பிராசஸ்'.

2008 வாக்குல லிங்க்ட்இன்லயும் ஃபேஸ்புக்லயும் 'டேட்டா சயின்டிஸ்ட்'ங்கற பதவிப் பெயர் பிறந்தது. அதே 2008இன் சர்வதேசத் தொழில் வகைப்பாட்டை எடுத்துப் பாருங்க. புள்ளியியலாளரும் டேட்டாபேஸ் நிர்வாகியும் 2ஆம் பிரிவு, அதாவது நிபுணர்கள். மெடிக்கல் கோடர் 3ஆம் பிரிவு, டெக்னீஷியன். டேட்டா என்ட்ரி 4ஆம் பிரிவு, கிளார்க். நம்ம நாட்டுத் தொழில் வகைப்பாடு 2015உம் இந்தச் சட்டகத்தைத் தழுவினதுதான். படிப்பும் திறமையும் வேறவேறங்கறது சரி; எல்லாருக்கும் ஒரே சம்பளம்னு நான் வாதாடலை. ஆனா இந்த ஏணியில ஒரு பழக்கம் தெரியுது: மூலத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவருக்குக் கீழ்ப்படி, தள்ளி உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிறவருக்கு மேல்படி.

எனக்குத் தோணற அளவுகோல் வேற. 'நீ எந்த சாஃப்ட்வேர்ல வேலை செய்யற?'ன்னு கேட்கக் கூடாது. 'இந்தப் பதிவு வேற மாதிரியும் ஆகியிருக்கலாமா? எப்படின்னு நீ முடிவு பண்ணினியா?'ன்னு கேட்கணும். ஆமான்னு பதில் வந்தா அது தரவு வேலை, செய்தவர் தரவுத் தொழிலாளி. இதுல பெருமையைவிடப் பொறுப்புதான் பெருசு. குறியீடு தப்பானா ஆடிட்ல கோடரோட மதிப்பெண்தான் குறையுது. தப்புக்கு மட்டும் அவர் சொந்தக்காரர்னா, சரியா இருந்ததுக்கும் அவர்தானே சொந்தக்காரர்? பதவி உயர்வு, சம்பளம், 'இந்த விதி பொருந்தலை'ன்னு மேல சொல்ற உரிமை எல்லாம் அந்த ஒரு பெயரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருது. இப்போ அதே கோடர்கள் போட்ட பழைய குறியீடுகளைப் பார்த்துத்தான் கோடிங் மென்பொருள்கள் பழகுது. ஓலை எழுதினவங்களை விட்டுட்டு பர்னார்டு பெயரை மட்டும் நாம ஒரு தடவை எழுதிட்டோம். ரெண்டாவது தடவையும் அப்படியே எழுத வேண்டாம்.

உங்க வீட்டுல, தெருவுல இந்த வேலை பார்க்கறவங்க இருந்தா, இன்னைக்கு எத்தனை முடிவு எடுத்தாங்கன்னு கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.