பதினாறு வயதில் பர்மாவுக்கு

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்ட அதே வாரத்தில், என் மகள் ஒரு விண்ணப்பப் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள். அவளும் நம் கல்லூரியின் மாணவிதான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களில் நேபாளத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் தொண்டராக இருக்கப் போகிறாளாம். கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

"அம்மா, இதில ஒரு சைன் வச்சுத் தாங்கோ."

நான் வைக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரையாக விரிந்தது.

1943ஆம் ஆண்டு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பல தமிழ்த் தகப்பன்மார் முன்னால் இப்படி ஒரு தாள் நீட்டப்பட்டது. அவர்களுடைய பெண்பிள்ளைகள் கேட்டது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க அல்ல, பட்டாளத்தில் சேர. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இலங்கைத் தமிழ்ப் பூர்வீகம் கொண்டவள், வயது பதினாறு. அவள் நம் கல்லூரியில் படித்தவள் அல்ல. ஆனால் அவள் போய்ச் சேர்ந்த போரின் மறுமுனை நம் கண்டியில்தான் இருந்தது.

என் அம்மம்மா அந்த யுத்த காலத்தில் இங்கே படித்தவர். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் போட்டன. கொழும்பிலிருந்து குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு மலைநாட்டுக்கு ஏறிவந்தன. இரண்டு வருடம் கழித்து, 1944 ஏப்ரலில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் டெல்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைப் பூங்காவில் மூங்கிலுக்கும் பனை வரிசைக்கும் இடையே அலுவலகக் கொட்டில்கள் முளைத்தன. பர்மாப் போரின் திட்டங்கள் அங்கே தீட்டப்பட்டன. பேராதனை வீதியில் லொறிகள் ஓயாமல் ஓடியதையும், காக்கி உடுத்த வெள்ளைக்காரப் பெண்கள் சைக்கிளில் போனதையும் அம்மம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்களும் தாமாக முன்வந்து கடல் கடந்தவர்களே. பிரித்தானியக் கடற்படையின் மகளிர் பிரிவினர் பலர் இங்கே பணியாற்றினர். அமெரிக்க உளவுப் பிரிவின் கண்டி அலுவலகத்தில் ஆவணப் பதிவேட்டைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஜூலியா மக்வில்லியம்ஸ். தம் நாட்டு மகளிர் படைகளில் சேர விரும்பியபோது உயரம் அதிகம் என்று தட்டிக் கழிக்கப்பட்டவர். கண்டியில் சந்தித்த போல் சைல்ட் என்பவரை யுத்தத்துக்குப் பின் மணந்து, ஜூலியா சைல்ட் என்ற பெயரில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குச் சமையல் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

அம்மம்மாவுக்கு அந்த வருடங்களில் இன்னொரு கவலை இருந்தது. அவருடைய தமையன் மலாயாவில் ரயில்வே கிளார்க். 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் விழுந்தபின் அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. யுத்தம் முடியும்வரை அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. யாழ்ப்பாணத்து வேர் கொண்ட எத்தனையோ வீடுகளில் அன்று இதே நிலைதான்.

கடிதம் வராத அந்தப் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்தியத் தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். ஜூலை 9ஆம் திகதி நடந்த பெருங்கூட்டத்தில் பெண்களுக்கென ஒரு படைப்பிரிவு வேண்டும் என்றார். அதை உருவாக்கும் பொறுப்பு ஒரு வைத்தியரிடம் போனது. 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1940இல் சிங்கப்பூருக்கு வந்து, கூலித் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன் அவர். ஒக்டோபர் 22ஆம் திகதி ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது.

சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் றப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். கண்டிச் சீமைத் தோட்டங்களுக்கு எந்த ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்களோ, அதே தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து போனவர்களின் பிள்ளைகள். எந்த நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தினார்களோ, அந்த நாட்டைப் பலர் கண்ணால் கண்டதேயில்லை.

படித்த பெண்களும் சேர்ந்தார்கள். கோலாலம்பூரில் வசதியான வீட்டில் வளர்ந்த ஜானகி தேவர், போஸின் பேச்சைக் கேட்ட இடத்திலேயே காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். தகப்பனார் ஒத்துக்கொள்ளவில்லை, நீண்ட வாதத்துக்குப் பிறகே இணங்கினார். ஈப்போவில் ராசம்மா நவரத்தினம் தன் சகோதரி பொன்னம்மாவோடு சேர்ந்தார். நான் மேலே சொன்ன பதினாறு வயதுப் பிள்ளை இந்த ராசம்மாதான்.

அவர்கள் பர்மாவுக்குப் போன பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சயாம் - பர்மா ரயில் பாதையை ஜப்பானியர் 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். அதைப் போடும்போது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளிகள் உட்பட ஆசியத் தொழிலாளிகள் அதைவிடப் பல மடங்கு இறந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் விடுதலைக் கனவோடு ஏறிய ரயில், அதே தோட்டத்து ஆண்கள் விழுந்து மடிந்த மண்மீது ஓடியது. அந்த இராணுவத்தின் கூட்டாளி அந்தப் பாதையைப் போட்டவனே. இதை மறைத்து அவர்களைப் புகழ்வது சரியல்ல. இதை மட்டும் சொல்லி அவர்களைத் தள்ளிவைப்பதும் சரியல்ல.

1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் போர் ஜூலையில் தோல்வியில் முடிந்தது. போர்முனையில் நிற்கவென்று பயிற்சி பெற்ற பெண்களுக்குக் கிடைத்தது வேறு வேலை. மேமியோ ஆஸ்பத்திரியில் அவர்கள் தாதிகளானார்கள். மழையில் நனைந்து, பட்டினி கிடந்து, மலேரியாவோடும் வயிற்றுளைச்சலோடும் திரும்பிவந்த ஆண்களைக் கழுவித் துடைத்து ஊட்டினார்கள்.

வைத்தியர் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்தப் போரில் குண்டைவிடக் கொசுவே கொடிது. பிரித்தானியத் தளபதி வில்லியம் ஸ்லிம் எழுதிய கணக்குப்படி, 1943இல் காயப்பட்டு அப்புறப்படுத்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் அப்புறப்படுத்தப்பட்டார்கள். கூட்டுப்படையினர் தினமும் மெப்பக்கிரின் மாத்திரை விழுங்குவதைக் கட்டளையாக்கி அதைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த மாத்திரை மறுபக்கம் போகவில்லை. பேராதனையில் வகுத்த திட்டத்தால் தோற்றவர்களை மேமியோவில் பதினாறு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கைத்தாங்கலாக எழுப்பி உட்கார்த்தினார்கள்.

1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டபோது ஒரு பிரிவினர் போஸோடு ஜானகியின் பொறுப்பில் இரவிரவாக நடந்து பர்மாவை விட்டு வெளியேறினார்கள். பகலில் விமானங்களுக்கு ஒளிந்திருந்தார்கள். முன்னே ரயிலில் அனுப்பப்பட்ட பெண்களில் இருவர் வழித் தாக்குதலில் இறந்தார்கள். படை கலைந்தது. வீடு திரும்பிய ராசம்மாவுக்கு வயது பதினெட்டு.

இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுவது வழக்கம். எனக்கு முக்கியமானது இதற்குப் பிறகு நடந்தது.

ராசம்மா விட்ட படிப்பைத் தொடர்ந்து ஆசிரியையானார். அன்றைய மலாயாவில் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் படிப்பித்தாலும் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடச் சம்பளம் குறைவு. மணமானால் நிரந்தரப் பதவியும் இல்லை. 1960இல் அவர் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைத்து இதை எதிர்த்தார். 1969இல் சம சம்பளக் கொள்கையை மலேசிய அரசு ஏற்றுக்கொண்டது. ராசம்மா பூபாலன் என்ற பெயரில் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பாடசாலையின் அதிபராகவும் இருந்தார். ஜானகி, 1946இல் இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு வந்த காங்கிரஸ் மருத்துவக் குழுவோடு சேர்ந்து, யுத்தத்தால் நொந்துபோன தோட்ட மக்களிடையே பணியாற்றினார். லட்சுமி கான்பூரில் குடியேறி, பிரிவினை அகதிகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் வைத்தியம் பார்த்தார். 1971இல் வங்காள அகதி முகாம்களுக்கும் 1984இல் போபாலுக்கும் போனார். 2012இல் தொண்ணூற்றேழு வயதில் இறக்கும்போது தன் உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே எழுதிவைத்திருந்தார்.

பர்மாவில் அவர்கள் எதை மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் மிகச் சிறியது. பர்மா அவர்களை என்னவாக மாற்றியது, அதை ஊருக்குக் கொண்டுவந்து என்ன செய்தார்கள் என்று கேட்டால் பதில் அரை நூற்றாண்டுக்கு நீள்கிறது.

எனக்கும் இதில் சிறு அனுபவம் உண்டு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, மருத்துவ பீட மாணவியாகக் கிழக்குக் கரையில் ஒரு முகாமுக்குப் போனேன். உயிர் காக்கும் எண்ணத்தோடு போனவளுக்குக் கிடைத்த வேலை, வெளிநாடுகளிலிருந்து வந்து குவிந்த மருந்துப் பெட்டிகளைப் பிரிப்பது. பாதி, வாசிக்க முடியாத மொழிகளில் இருந்தன, சில காலாவதியானவை. அங்கே கடல் கடந்து வந்திருந்த ஒரு மாணவிக்கு நான் மொழிபெயர்ப்பாளர். அவளுக்கு அதுதான் முதல் வெளிநாட்டுத் தொண்டு. மூன்றாம் நாள் அவள் விளக்குமாற்றை எடுத்துக் கூடாரத்தைக் கூட்டத் தொடங்கினாள். அங்கிருந்த தாய்மார் அன்றைக்குத்தான் அவளோடு கதைக்கத் தொடங்கினார்கள்.

இன்று தொண்டு ஒரு வியாபாரமாகவும் ஆகிவிட்டது. காசு கட்டி வந்து கண்டிச் சுற்றுவட்டாரத்தில் சில வாரம் ஆங்கிலம் படிப்பித்துவிட்டுப் போகும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். அவர்கள் போனபின் அந்த வகுப்புக்கு யார் என்று கேட்பவர் குறைவு. நம் பிள்ளைகள் வேறு நாட்டுக்குப் போகும்போது நாமும் அதைக் கேட்க வேண்டும்.

ஆகவே என் மகளிடம் மூன்று கேள்வி கேட்டேன். நீ போகுமுன் அந்த வேலையைச் செய்தது யார், நீ வந்தபின் செய்யப்போவது யார்? இங்கே உன்னைச் செய்ய விடாத எதையும் அங்கே செய்யச் சொல்கிறார்களா? திரும்பி வந்து என்ன செய்வாய்?

முதல் இரண்டுக்கும் அவள் நேபாளத்துக்கு எழுதிக் கேட்டுப் பதில் வாங்கினாள். பதில்கள் எனக்குத் திருப்தி. மூன்றாவதுக்கு, "தெரியாது அம்மா" என்றாள். ஈப்போவில் ரயிலேறிய ராசம்மாவிடம் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டிப் போர் மயானத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர் என்று எல்லாரும் அங்கே வரிசையாகக் கிடக்கிறார்கள். கல்லில் பொறித்த வயதுகளை அவள் வாசித்துக்கொண்டே நடந்தாள். தன் வயதுக்கு அருகில் வந்தவற்றின் முன் சற்று நின்றாள்.

வீட்டுக்கு வந்து கையொப்பம் வைத்தேன்.

லண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்னிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளே, உங்களிலும் சிலர் ஏதோ ஒரு முகாமில், ஏதோ ஒரு கிராமத்தில் முதல் தொண்டைச் செய்திருப்பீர்கள். அங்கே என்ன கொடுத்தீர்கள் என்பதை மறந்தாலும் பரவாயில்லை. எதைக் கற்றுக்கொண்டு வந்தீர்கள் என்பதைக் கல்லூரிக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த படிவத்தோடு நிற்கப்போகும் பிள்ளைக்கு அது உதவும்.