ஆக்கியோன் பெயர்



நம்மிடம் படித்து, இப்போது இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் இருக்கும் ஒரு மாணவி, தன் திரட்டேட்டைக் காட்ட வந்தாள். தலைப்பு, தோட்டத்து வரலாறு. நான்கு பக்கங்கள் கைப்பேசியில் கண்டதைப் பார்த்து எழுதியவை. ஐந்தாம் பக்கம் அவள் பாட்டி சொன்னது: விடியுமுன் பெரட்டுக்கு நின்றது, முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியது. எழுதியவர் பெயரும் இல்லை. சொன்னவர் பெயரும் இல்லை. அட்டையில் அவள் பெயர் மட்டுமே இருந்தது.

"எழுதினது நான்தானே சார்?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய உரை.

பயிற்சிக் கல்லூரியில் நாம் நன்னூல் படித்திருக்கிறோம். பவணந்தி முனிவர் செய்த இலக்கணம் அது. ஒரு நூலின் பாயிரத்தில் சொல்ல வேண்டியவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அதாவது அந்நூல் எதிலிருந்து வந்தது என்பது. யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டே பிறவற்றைத் தொடங்குவது நம் முன்னோர் மரபு.

அச்சு இயந்திரம் வந்த பிறகு இது பணத்தோடும் தொடர்புடையதாயிற்று. இங்கிலாந்தில் நூலின் உரிமை நெடுங்காலம் அச்சிட்டு விற்போர் கையில் இருந்தது. ஆன் அரசியார் காலத்தில், 1710இல் நடப்புக்கு வந்த சட்டம் அவ்வுரிமையை எழுதியவர்க்கு வழங்கியது. புதிய நூலுக்கு 14 ஆண்டுகள். அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகள். பதிப்புரிமைச் சட்டங்களுக்கு அதுவே முன்னோடி.

நாம் நன்கறிந்த பாரதியாருக்கு நேர்ந்ததையும் பார்ப்போம். அவர் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை பின்னாளில் விலைக்குப் போய், கைமாறி, ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1948இல் வெளியான 'பில்ஹணன்' படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதியார் பாடலைச் சேர்த்தபோது, அது வழக்காயிற்று. மகாகவியின் பாட்டு ஒருவருடைய உடைமையாக இருக்கலாமா என்று மக்கள் கேட்டார்கள். 1949இல் சென்னை அரசாங்கம் பாரதியார் நூல்களின் உரிமையை ஏற்றது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். பின்னர் அப்பாடல்கள் எல்லார்க்கும் பொதுவாயின.

இன்று அவற்றை எவரும் பாடலாம், அச்சிடலாம். ஆனால் பாரதியார் பெயரை எடுத்துவிட்டுத் தம் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை மட்டும் எவர்க்கும் கிடைக்கவில்லை. பாட்டு பொதுவாகலாம், பாடியவர் பெயர் அவருடையதே.

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்தது. எழுத்துக்கு, ஆசிரியர் வாழ்நாளும் மறைந்தபின் 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. வெறும் கருத்துக்கு அத்தகைய உரிமை இல்லை. அதைச் சொன்ன எழுத்துக்கே உண்டு. படிப்புக்கென நியாயமான அளவில் எடுத்தாளவும் சட்டம் இடம் தருகிறது.

ஆகவே மாணவர்களே, முதலில் படியுங்கள். பிறகு மூடி வைத்துவிட்டு உங்கள் சொற்களில் எழுதுங்கள். ஒருவர் சொல்லை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் இடுங்கள். எழுதியவர் பெயரையும் எங்கே கண்டீர்கள் என்பதையும் கீழே குறியுங்கள். படத்துக்கும் இதுவே முறை.

பெற்றோரே, எழுத்தறியாதவர்களும் பிள்ளையிடம், "இது யார் சொன்னது?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வி போதும்.

அம்மாணவி திரட்டேட்டைத் திருத்தி எழுதினாள். ஐந்தாம் பக்கத்தின் தலைப்பில், 'சொன்னவர்' என்று எழுதிப் பாட்டியின் பெயரையும் போட்டாள். வீட்டில் அதைப் படித்துக் காட்டியபோது பாட்டி இடைமறித்தாராம்: "பேரு போட்டுட்டியா? அப்போ சரியா எழுது. பெரட்டு அஞ்சு மணிக்கு இல்ல, நாலரைக்கு."

தன் பெயர் இருக்கும் இடத்தில் பிழை இருக்கக் கூடாது என்று அந்த மூதாட்டிக்குத் தோன்றியிருக்கிறது. தோட்டத்தில் உழைத்தவர்கள் பலரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. நம் பிள்ளைகள் எழுதும் ஏட்டிலாவது ஏறட்டும்.